அக்காவுக்குப் பிடித்த அலங்காரம்

"அந்த ஃபேன் கூண்டை மட்டும் தொடாதே! அது வேணும்."

ஏணியின் கீழே நின்று மெக்கானிக் கத்தினான். பரணுக்குள் தவழ்ந்துகொண்டிருந்த அவன் மனைவி, துருப்பிடித்த கூண்டும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு வேணும்?"

"எதுக்காவது வேணும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்டு வரும் பதில் இது. அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கழற்றிய எதையும் தூக்கிப் போட அவனுக்கு மனசு வராது. உடைந்த குடை, ஓடாத கடிகாரம், காலி பாட்டில், முட்டை அட்டை எல்லாமே அவன் கண்ணுக்கு உதிரிபாகங்கள். முதலில் பரண் நிரம்பியது, பிறகு கட்டிலடி. கடைசியில் சின்ன அறையும் நிரம்பிவிட, பரீட்சைக்குப் படிக்கும் மகள் அடுப்பு மேடை ஓரத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு தாளிக்கிற வாசனையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். 'எதையாவது வெளியே போடலாமா' என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மெக்கானிக் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான்.

இந்த முறை மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"லீவுக்கு உங்க அக்கா வராங்க இல்ல? வீட்டை அலங்காரம் பண்ணலாம்னு பார்க்கறேன். கடைக்குப் போனா ஒரு காகிதத் தோரணத்துக்கு யானை விலை குதிரை விலை சொல்றான். நம்ம வீட்டுல இல்லாத சாமானா? எல்லாத்தையும் கையாலயே பண்ணிடலாம்."

மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே!"

அன்று முதல் அவன் வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவி, பசைக் கிண்ணத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முட்டை அட்டையை இதழ் இதழாக வெட்டி, மிச்சமிருந்த சிவப்புப் பெயின்டில் தோய்த்தார்கள். ஃபேன் கூண்டில் பழைய ஸ்வெட்டர் நூலைச் சுற்றியதும் அது சுவர் அகலத்துக்கு ஒரு சூரியகாந்தி ஆனது. பாட்டில்கள் சணல் கயிறு சுற்றிக்கொண்டு பூ ஜாடிகளாயின. குடைத் துணி தோரணமானது. பழைய செய்தித்தாளைக் குழல் குழலாகச் சுருட்டிக் கண்ணாடிக்குச் சட்டம் கட்டினார்கள். சின்ன அறையின் கதவு, பல வருஷம் கழித்து, முழுசாகத் திறந்தது.

"உனக்கு இவ்வளவு கைவேலை தெரியும்னு எனக்குத் தெரியாதே!"

"எனக்கே தெரியாதுங்க," என்றாள் மனைவி, பசையைக் கிளறிக்கொண்டே.

அக்கா வந்தாள். சரக்கு வேனில் வந்தாள்.

"என்னக்கா, இதுல வந்திருக்கே?"

"காரை சர்வீஸுக்கு விட்டிருக்கேன்டா," என்றபடி உள்ளே நுழைந்தவள், கூடத்தின் நடுவில் அப்படியே நின்றாள். "அடேயப்பா! இது என்ன வீடா, கண்காட்சியா?"

மெக்கானிக் கூச்சத்தோடு சிரித்தான்.

"அந்த சூரியகாந்தி எங்க கூடத்துக்கு அம்சமா இருக்கும். எடுத்துக்கவாடா?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. சின்ன வயசிலிருந்து அக்கா கேட்டு அவன் எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

"எடுத்துக்கோக்கா."

சூரியகாந்தி போனது. பின்னாலேயே ஜாடிகள் போயின. தோரணம், கண்ணாடிச் சட்டம், ஓடாத கடிகாரங்களை அடுக்கிச் செய்த கோபுரம் என்று ஒவ்வொன்றும் அக்கா வீட்டில் ஏதோ ஒரு மூலைக்கு அம்சமாக இருந்தது. மெக்கானிக் மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போறாளே! நீ ஏதாவது சொல்லக் கூடாதா?"

"நான் எப்படிங்க சொல்றது? உங்க கூடப் பிறந்தவங்க. ஆசைப்பட்டுக் கேக்கறாங்க." அவள் முகம் வாடியிருந்தது. பிறகு வெளியே போய், "அண்ணி, ஜாடியெல்லாம் வழியில உடையாம இருக்கணும்" என்று, சின்ன அறையில் மிச்சமிருந்த செய்தித்தாள் கட்டுகள் அத்தனையையும் வேனில் ஏற்றினாள்.

வேன் கிளம்பியது. மகள் சத்தமில்லாமல் அடுப்பு மேடையிலிருந்த தன் புத்தகங்களைச் சின்ன அறைக்குள் அடுக்கிக்கொண்டாள். வெறுமையான சுவரைப் பார்த்து மெக்கானிக் பெருமூச்சு விட்டான். ஆனாலும் உள்ளூர ஒரு பெருமை. ஊரெல்லாம் குப்பை என்று சொன்ன சாமான், அக்காவின் பெரிய வீட்டுக் கூடத்தில் தொங்கப் போகிறது!

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் அட்டை ஆந்தை ஒன்று விட்டுப்போயிருந்ததைக் கவனித்தான். கேபிள் வந்த அட்டைப்பெட்டியில் உடம்பு, லிஃப்ட் பட்டனில் கண்கள். முழுக்க முழுக்க அவனே செய்தது. அக்கா பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள்.

ஆந்தையை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு விரட்டினான். வேன் வெகுதூரம் போயிருக்கவில்லை. அடுத்த தெருத் திருப்பத்தில், பழைய இரும்புக் கடை வாசலில் நின்றிருந்தது. தராசில் சூரியகாந்தி கிடந்தது. அக்கா அவனுக்கு முதுகைக் காட்டியபடி, ஸ்பீக்கரில் போட்ட போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சும்மா. நீ சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம கேட்டு வாங்கிட்டேன். அவனுக்குத் துளிகூட சந்தேகம் வரலை."

போனிலிருந்து அவன் மனைவியின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி! அடுத்த லீவுக்கும் மறக்காம சரக்கு வேன்லயே வந்துடுங்க, கட்டிலடியில இருக்கறதை எல்லாம் பூவா பண்ணி வெச்சிடறேன்."