விரல் தடிமன் ஒயர்

“சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத மனுஷன், இந்த ஒயருக்கு மட்டும் தினம் தூசி தட்டுறீங்களே!”

எல்சி சொன்னது காதில் விழாத மாதிரி லியோ அந்த ஒயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பெருவிரல் தடிமன், மேலே கறுப்புப் பின்னல் உறை. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது எல்சிக்கு ஒரு சேலை, மகள் ஷீபாவுக்கு ஒரு பொம்மை, ஸ்டீரியோ செட்டுக்கு இந்த ஸ்பீக்கர் ஒயர் என்று கொண்டுவந்திருந்தான். மூன்றில் எது விலை கூடுதல் என்று தெரிந்த நாளிலிருந்து எல்சிக்கு ஒயர் என்றாலே ஆகாது.

“இது சாதா ஒயர் இல்ல எல்சி. அத்தனையும் சுத்தச் செம்பு. பழைய ஒயர்ல நாதஸ்வரம் பக்கத்துத் தெருவுல வாசிக்கிற மாதிரி இருக்கும். இதுல நம்ம கூடத்துல வந்து உட்கார்ந்து வாசிப்பாங்க.”

“அப்ப அவங்களுக்கும் சேர்த்துக் காபி போடணுமா?”

லியோ சிரிக்கவில்லை. “கிண்டல் பண்ணு. அடுத்த லீவுக்குக் கரண்ட் ஒயரும் இதே மாதிரி வாங்கிட்டு வரேன். அப்பத் தெரியும்.”

அடுத்த லீவு என்றதும் எல்சிக்குச் சுருக்கென்றது. புதன்கிழமை விமானம் ஏறினால் அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரிகள் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வாங்குகிறார்கள், மஸ்கட்டில் பார்க்கும் ரிப்பேர் வேலைக்கு அங்கேயே ஒரு கடை போடலாம் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. லியோவும் முடியாது என்று சொன்னதில்லை. “போனவன் திரும்பிட்டான், அங்க துரத்திட்டாங்க போலன்னு ஊரே சிரிக்கும்” என்பான். அதோடு பேச்சு நின்றுவிடும்.

எல்சி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“ஒரு பந்தயம். நீங்க திரும்பி உட்காருங்க. நான் பழைய ஒயரையும் புது ஒயரையும் என் இஷ்டத்துக்கு மாத்தி மாத்திப் போடுறேன். எது எதுன்னு காதாலேயே கேட்டுச் சொல்லணும். சொல்லிட்டா, நானே ஏர்ப்போர்ட் வரைக்கும் வந்து சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டுறேன். தோத்துட்டா டிக்கெட் கேன்சல். பட்டுக்கோட்டையில கடை.”

“ஊருக்கு என்ன சொல்றது?”

“பொண்டாட்டிகிட்ட பந்தயத்துல தோத்துட்டேன்னு சொல்லுங்க. அதை நம்பாத ஊர் எங்க இருக்கு?”

லியோ தாடையைத் தடவினான். “ஒயர் மாட்டத் தெரியுமா உனக்கு?”

“நீங்க இல்லாதப்ப இந்த வீட்டுல பீஸ் போனா கம்பி மாத்திப் போட்டது யாராம்?”

“சரி, கண்ணைக் கட்டிக்கட்டுமா?”

“அதெல்லாம் வேண்டாம். இப்படி ஆண்டவரைப் பார்த்து உட்காருங்க. அவரைப் பார்த்துக்கிட்டே கள்ளாட்டம் ஆட உங்களுக்கு மனசு வராது.”

ஸ்டீரியோவுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட பெரிய இருதய ஆண்டவர் படம். கல்யாணமான வாரம் சாமியார் வந்து மந்திரித்து மாட்டிக் கொடுத்தது. அந்த வீட்டில் சத்தியம், சண்டை, சமாதானம் எல்லாமே அதன் முன்னால்தான். அன்று காலையில்தான் எல்சி அதைத் துடைத்து மல்லிகைச் சரம் போட்டிருந்தாள். லியோ அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தான்.

பின்னால் ஸ்க்ரூ டிரைவர் டொக்கு டொக்கு என்றது. நாதஸ்வரம் கிளம்பியது.

“புதுசு!” என்றான் லியோ. “தவில்காரர் விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுதே!”

“பழசு.”

மறுபடியும் டொக்கு டொக்கு.

“இது பழசு. ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு.”

“இதுதாங்க புதுசு. உங்க மஸ்கட் ஒயருக்குத்தான் ஜலதோஷம்.”

அதற்குப் பிறகும் விட்டு விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. லியோ நெற்றியைச் சுருக்கினான், காதைக் குடைந்தான், ஆனால் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கட்டின புருஷனுக்கு இவ்வளவு பக்தியா என்று எல்சிக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். “தோத்துட்டேன்டி. என் காது செவிட்டுக் காது.”

அந்தக் கையோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஏஜெண்டிடம் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். வழியில் டீக்கடையிலும் நின்று, பெண்டாட்டியிடம் தோற்ற கதையை அவனே சொல்லியிருந்தான். ஊர் சிரித்தது. வீட்டுக்கு வந்து மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தோற்ற மனிதனுக்கு அவ்வளவு பசி எடுத்திருக்கக் கூடாது.

எல்சிக்குத்தான் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சாயங்காலம் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, லியோவின் நாற்காலி கிடந்த அதே இடத்தில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, மன்னிச்சிருங்க,” என்று முணுமுணுத்தாள். “நான் ஒயரைத் தொடவே இல்ல. ஸ்க்ரூ டிரைவரால மேசையைத் தட்டிட்டு, அவர் எதைச் சொன்னாலும் தப்புன்னு சொல்லிட்டேன். அவர் இங்கயே இருக்கணும்னுதான் அப்படிச் செஞ்சேன்.”

மன்னிப்பாரா என்று மெல்ல நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அதன் கண்ணாடியில், அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்டீரியோ செட், மேசை, கழற்றப்படாத அந்த விரல் தடிமன் ஒயர் எல்லாம் அச்சு அசலாகத் தெரிந்தன. மேசையருகே வாய்கொள்ளாச் சிரிப்போடு நின்றிருந்த லியோ, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டொக்கு டொக்கு என்று தட்டிவிட்டுக் கேட்டான்:

“இப்ப எந்த ஒயர், சொல்லு?”