குழாய் வழியே வந்த செருப்பு

நான் வீடுகளுக்குச் செயற்கைப் புல் விரிக்கிறவன். அந்த வீட்டின் பின்பக்கம் சுத்தக் களிமண். ஒரு மழை பெய்தால் நாலு நாளைக்குத் தண்ணீர் இறங்காது. வீட்டுக்கார அம்மாவுக்கு ஏழாம் மாதம். வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கணவருக்குத் தூக்கமே இல்லை.

அரை அடி மண்ணை வெட்டியெடுத்தேன். துளைக் குழாய் பதித்து, ஜல்லி கொட்டி இறுக்கி, மேலே புல்லை விரித்தேன். துளைகள் அரிசி அளவுதான். சேறு அடைக்காமலிருக்கத் துணியும் சுற்றியிருந்தேன்.

முதல் மழை விட்ட பத்தாவது நிமிஷம் புல்லில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே, குழாயின் வாயில் ஒரு செருப்பு கிடந்தது. போன வருஷம் சேறு விழுங்கிய அந்த அம்மாவின் செருப்பு. புல்லின் ஓரத்தைப் பிரித்துத் தோண்டிப் பார்த்தேன். துணி கிழியவில்லை, குழாயும் உடையவில்லை.

"நல்லவேளை, இன்னொண்ணை நான் தூக்கிப் போடல" என்று சொல்லிவிட்டு, அவர் அதை அன்றைக்கே மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது மழைக்கு நானே போய்க் காத்திருந்தேன். குழாயிலிருந்து மஞ்சள் செருப்பு ஒன்று வந்தது. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. ஓடி ஓடிக் குதிகால் தேய்ந்திருந்தது. அது அவர்களே கட்டிய வீடு. அதற்கு முன்னால் அங்கே வெறும் பொட்டல். அவர்களுக்கு வயிற்றில் இருப்பதுதான் தலைப்பிள்ளை.

கணவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா அதைக் கழுவித் தன் செருப்புக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாருங்கண்ணே, இன்னும் வெளியவே வரல. அதுக்குள்ள செருப்பைத் தொலைச்சாச்சு!"