பார்த்துக்கொண்டிருந்த பச்சை

அரையாண்டு வினாத்தாளை மூன்று ஆசிரியர்கள் அவரவர் வீட்டிலிருந்தே, கணினியில் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதுவதாக ஏற்பாடு. எழுதும் இடத்தைச் சிமிட்டிக் காட்ட ஆளுக்கொரு நிறத்தில் கர்சர். சாயங்காலத்துக்குள் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

செண்பகவல்லி டீச்சரின் சிவப்புக் கர்சர்தான் முதலில் வேலையைத் தொடங்கியது. ‘மழை எப்படி உருவாகிறது?’ என்று எழுதி நிமிர்ந்தால், பக்கத்து வரியில் மரியசெல்வம் சாரின் பச்சைக் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. பச்சை ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்துச் சிவப்பு தன் கேள்வியை அழித்தது. வேறொன்று எழுதியது. பச்சை நகரவில்லை. அதையும் அழித்தது. எழுதுவதும் அழிப்பதுமாக மதியமே ஆகிவிட்டது. பக்கம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கடைசியில் சிவப்பு பொறுக்கமாட்டாமல் கத்தியது: “அப்படி என்னதான் பாக்குறே? குத்தம் இருந்தா சொல்லித் தொலையேன்!”

பச்சை திடுக்கிட்டது. “நானா? எங்க சார் பக்கத்தை மூடாமப் போட்டுட்டுக் காலையிலயே கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாரு. நான் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்! கண்ணு அதுபாட்டுக்குச் சிமிட்டும்.”

சிவப்புக்கு உயிர் வந்தது. தன் பங்குக் கேள்விகளை மளமளவென்று எழுதி முடித்துவிட்டு ஓரமாக நின்றது.

அப்போது ஷகீலா டீச்சரின் நீலக் கர்சர் உள்ளே வந்தது. ஒரு வரி எழுதியது. சிவப்பைப் பார்த்தது. சட்டென்று அழித்தது.

“நான் சும்மாதான் நிக்கிறேன்” என்று சொல்லச் சிவப்பு வாயெடுத்தது. பிறகு என்ன நினைத்ததோ, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றுகொண்டு கண் சிமிட்டத் தொடங்கியது.