மாறாத மேலாளர்

மேலாளருக்குச் சத்தம் ஆகாது. அலுவலகமே பூனை போலத்தான் நடக்கும்.

தலையில் அடிபட்ட எழுத்தர் நீட்டிய விடுப்பு விண்ணப்பத்தை அவர் ஒதுக்கித் தள்ளினார். "தையல்தான் பிரிச்சாச்சே, இன்னும் என்னய்யா லீவு?"

"வெளிய ஆறிடுச்சு சார். ஆனா சின்னச் சத்தம்கூடத் தாங்கல, சட்டுனு கோபம் வருது. மூளையில அடிபட்டா ஆளே மாறிடலாம்னு டாக்டர் சொல்றாரு."

"கதை விடாதே! எட்டு வருஷம் முன்னாடி நானும்தான் படியில உருண்டு மண்டையை உடைச்சுக்கிட்டேன். மாறிட்டேனா? ஏம்மா, நீங்க பழைய ஆளு, சொல்லுங்க!" என்று மூத்த தட்டச்சரைப் பார்த்து மேசையில் குத்தினார்.

அந்த அம்மாள் தயங்கினார். "அதுக்கு முன்னாடி நீங்க பாடிக்கிட்டேதான் சார் உள்ள வருவீங்க. நாங்கதான் மெதுவா பாடச் சொல்லிக் கெஞ்சுவோம்."

மேலாளர் உச்சந்தலையைத் தடவியபடியே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அந்த டாக்டரை எப்பப் பார்க்கலாம்?"