கறை படிந்த சீவாளி

"கழுவாதீங்க அக்கா! அப்படியே நிறுத்துங்க!"

பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்த அபிராமி, விஜயராணியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். விஜயராணியின் ஒரு கையில் பனியனில் படியும் எண்ணெய்க் கறையை எடுக்கும் ஸ்பிரே கன். கையுறை போட்ட மறு கையில் சின்னதாக ஒரு சீவாளி. நாதஸ்வரத்தின் முனையில் செருகி, உதட்டில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. வெற்றிலைச் சாறு ஏறிப் பழுப்பாக இருந்தது.

"எம்மா, யாரு நீ? கைய விடு. மருந்து கண்ணுல தெறிச்சிரப் போவுது."

"இதுல ஒரு சொட்டாவது பட்டுச்சா?"

"எங்க பட்டுச்சு? இப்பத்தான கன்னையே எடுத்தேன்."

அபிராமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவளைத் துரத்திக்கொண்டு செக்யூரிட்டி வந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி லிங்கசாமி.

"ஏனுங்க அம்மிணி, கேட்டுல சொல்லாம கொள்ளாம இப்படி உள்ள வரலாமுங்களா?"

"மன்னிச்சிருங்க சார். பேரு அபிராமி. கோயமுத்தூர்ல இருந்து வர்றேன். காலையில இன்ஸ்டாகிராம்ல, செக்கிங்ல குடுத்துக் கறை எடுக்கப் போறதா நீங்க போட்ட படத்தைப் பார்த்தேன். மயில்சாமி வித்வானோட நாதஸ்வரம்."

லிங்கசாமியின் கோபம் அந்தப் பெயரோடு இறங்கிவிட்டது.

"அப்படிச் சொல்லுங்க! வாங்க, ஆபீஸ் ரூம்ல இருக்குது. விஜயராணி, அதையும் எடுத்துட்டு வா."

அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. வயலின், வீணை, மிருதங்கம். ஒவ்வொன்றின் கீழும் அதை வாசித்த பிரபலத்தின் பெயர். மிருதங்கத்துக்குத் தோல்கூட மாற்றியிருந்தார். எல்லாமே நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தவை போலப் பளபளத்தன.

"நாளைக்கு ஜெர்மனி பையர் வர்றானுங்க. டீ-சர்ட்டுல கடுகளவு கறை இருந்தாலே லாட்டைத் திருப்பி அனுப்பறவன். அவங்கண்ணுல இந்த வெத்தலக் கறை படலாமுங்களா?"

"இந்த நாதஸ்வரத்தை எனக்குக் குடுத்துடுங்க சார். என்ன விலை சொன்னாலும் சரி."

"விக்கறதுக்கில்லீங்க. இவரு நாயனம் கேக்காம இந்தப் பக்கம் ஒரு தேரு நகராது. ரெண்டு மாசம் முன்ன காலமானாரல்லங்க, மொத ஆளாப் போயி அவரு பையன் அருள்செல்வங்கிட்ட வாங்கிப்போட்டேன்."

"அப்ப நாயனம் உங்ககிட்டயே இருக்கட்டும். சீவாளியை மட்டும் குடுங்க."

லிங்கசாமிக்குள் இருந்த வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுல அப்படி என்னங்க இருக்குது?"

"அவர் வாய் வெச்சது அதுலதானே சார். குழாயை யார் வேணா தொட்டிருப்பாங்க."

பதில் சொல்வதற்குள் மேசை மேலிருந்த செல்போன் அடித்தது. லிங்கசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"அருள்செல்வன் பேசறேன். அந்தச் சீவாளியை எரிச்சிருங்கன்னு அன்னைக்கே சொன்னேனே! இன்ஸ்டாவுல பார்த்தா அப்படியே மாட்டியிருக்கு?"

"அது இல்லீன்னா நாயனம் மொட்டையா நிக்குமுங்க. கழுவி வெச்சுக்கறேன்."

"செத்தவரோட எச்சில் சாமானுங்க. கழுவறதெல்லாம் வேண்டாம், எரிங்க. ஒத்தப் பிள்ளை நான் சொல்றேன்ல?"

போன் வைக்கப்பட்டது. அபிராமியின் விரல்கள் நாற்காலியின் கையை இறுக்கின.

"கேட்டீங்கல்ல? பெத்த மகன் சொல்றப்ப நான் என்னங்க பண்றது? விஜயராணி, பாய்லர்ல போட்டுரு கண்ணு."

விஜயராணி திரும்பினாள்.

"ஒரு நிமிஷம்!" அபிராமி கைப்பையைத் திறந்து சிறு டப்பா ஒன்றை மேசையில் வைத்தாள். உள்ளே புத்தம் புதுச் சீவாளி.

"திருவாவடுதுறையில செஞ்சது சார், வர்ற வழியில கடையில வாங்கினேன். பொட்டுக் கறை கிடையாது. இதை மாட்டுங்க, நாயனம் மொட்டையா நிக்காது. மகன் வேண்டாம்னு சொன்ன பழசும் உங்க கையை விட்டுப் போயிடும்."

லிங்கசாமி அதை எடுத்து, பனியன் கழுத்துத் தையலைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையதையும் ஒரு பார்வை பார்த்தார். முகம் சுளித்தது.

"சரியான பீஸ்தானுங்க. விஜயராணி, அதைய இந்த அம்மிணிகிட்டயே குடுத்துரு. நெருப்புல போறதுக்கு ஒரு ரசிகை ஊட்டுல இருந்துட்டுப் போகட்டும்."

அபிராமி கையை நீட்டவில்லை. காகித உறை ஒன்றை விரித்துப் பிடித்தாள்.

"இதுல போடுங்கக்கா. என் கை படக்கூடாது."

"பாருங்களேன் முதலாளி, கோயில் திருநீறு கணக்கால்லா வாங்குதா!" விஜயராணி சிரித்தாள்.

"அதானே! பெத்த பையனுக்கே இல்லாத பாசம்!" லிங்கசாமியும் சேர்ந்து சிரித்தார்.

அபிராமி சிரிக்கவில்லை. உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியேறினாள். பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் அந்தப் பையை மடியை விட்டு இறக்கவேயில்லை.

அன்று மாலை கோவையில், ஒரு பரிசோதனைக்கூடத்தின் ஏசி அறை. டெக்னீஷியன் உறையைப் பிரித்து, சீவாளியின் கறையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு நீளமான பஞ்சுக் குச்சி ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அப்பான்னு நீங்க சொல்றவரோட எச்சில் வந்தாச்சு. இனி உங்களோடதுதான் மேடம், வாயைத் திறங்க."