வேரோடு ஒரு பல்

"லேய் பிபின், கொள்ளாம்லா? ரெண்டு வேரும் முழுசா இருக்கு பாரு!"

பல் டாக்டர் எபிசன் நீட்டியது மனிதப் பல் அல்ல. இலைதழை தின்று வாழ்ந்த மூன்று கொம்பு டைனோசரின் பல். கல்லாகிப் போனது. அமெரிக்காவிலிருக்கும் அவனுடைய மச்சான் கொண்டுவந்தது.

பிபினுக்கு வயிறு எரிந்தது. பல் செட் செய்து கொடுத்துப் பிழைப்பவன் அவன். பத்து வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இதே டைனோசரின் பற்கள் ஒன்பது சேர்த்திருந்தான். ஒன்றிலும் வேர் இல்லை. பள்ளிக்கூடத்தில் எபிசனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவனே அவன்தான்.

"காலேஜ் மியூசியத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி காலியா இருக்குல்லா? வாற திங்கக்கெழம எல்லாருக்க முன்னாலயும் இத அங்க வைக்கப் போறேன்" என்றான் எபிசன். "நீயும் அதுக்கு மனு போட்டியே, என்னாச்சு?"

"வேரில்லாத பல்லு எங்கயும் கிடைக்கும்னு சொல்லிட்டாவ."

"அப்பிடியா?" எபிசன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பிபினால் தாங்க முடியவில்லை. பணம் இருந்தால் ஒரே நாளில் பெரிய ஆளாகிவிடலாம் போல!

அடுத்த அறையில் நோயாளி காத்திருப்பதாக நர்ஸ் பிரீனா வந்து சொல்ல, எபிசன் பல்லை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். பிபின் பல் செட்டுக்கு அளவெடுக்கும் மாவைப் பையிலிருந்து எடுத்து, பல்லை அழுத்தி அச்செடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாத வேலையா?

வடசேரியிலிருந்த தன் பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்தான். பிளாஸ்டிக்கில் வார்த்து, காபித்தூள் கரைத்துப் பூசியதும், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள்! சனிக்கிழமை எபிசனிடம் பல் செட் கொடுக்கப் போனபோது ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்துவந்தான்.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றான். ஊரே கூடியிருக்கும்போது டாக்டரின் மூக்கு உடைபடுவதைப் பார்க்க வேண்டாமா?

பேராசிரியை ரெஜிலா லென்ஸ் வைத்துப் பார்த்து, "அருமையான பல்" என்றார்.

பிபினுக்குப் பொறுக்கவில்லை. "நல்லா சோதிச்சுப் பாருங்க மேடம். இப்பம் பிளாஸ்டிக்குல அச்சு அசலா செய்யுதாவ. சூடா ஒரு ஊசி வச்சா தெரிஞ்சிரும்."

"அதுவும் சரிதான்." ரெஜிலா ஊசியைக் காய்ச்சத் தொடங்கினார்.

எபிசன் பிபினின் தோளில் கை போட்டுப் பெட்டிக்கு அருகில் இழுத்துப் போனான். "அவிய பாக்கட்டும். நீ இங்க வா மக்கா." பெயர்ப்பலகையை மூடியிருந்த துணியை விலக்கினான்.

'சேகரித்தவர்: பிபின், வடசேரி.'

"வேரோட ஒண்ணு இருந்தா உனக்க ஒம்பதையும் சேத்து வைப்போம்னு சொன்னாவ. அதான் மச்சானுக்க கால்ல விழாத குறையா வாங்கி, உனக்க பேர்லயே எழுதிக் குடுத்தேன். எப்பிடி?"

பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது.