எல்லாத்துக்கும் ஒரே கார்டு

"அவன் கை அழுகிப் போகணும்! அந்தக் காசுல வாங்கின எதுவுமே அவனுக்கு விளங்கக் கூடாது!"

அழகம்மா போட்ட சத்தத்தில் நோர்வூட் பஜாரில் பாதிப் பேர் அரிசியிலிருந்து செருப்பு வரை விற்கும் ஹலீமின் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் பறிபோனது அவளுடைய காசு இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அவளுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயியின் காசு. ராக்காயிக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே வராது. முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். நாளைக்கு அவள் புருசனுக்குக் கண் ஆப்பரேசன். உள்ளே வைக்கிற லென்ஸை வெளியே வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். அதற்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி கார்டில் சேர்த்து வைத்திருந்தாள். காலையில் பார்மசியில் கார்டை வைத்தால், காசே இல்லை என்றது மெசின்.

அநியாயம் என்றால் அழகம்மாவுக்கு உச்சந்தலையில் ஏறிவிடும். நிலுவைச் சம்பளம் வந்துவிட்டதென்று ஆசையாய் வாங்கிய சிவப்புச் செருப்பு மழைச் சேற்றில் வழுக்க வழுக்க, ராக்காயியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

கார்டுக் கம்பனிப் பையன் மதுரன் வாரத்துக்கு ஒருநாள் ஹலீமின் கடையில்தான் மேசை போட்டு உட்காருவான். இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டான்.

"அம்மா, சத்தம் போடாதீங்க. காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் பதியிறதுக்கு, சம்பளத்துக்கு, பஸ்ஸுக்கு, கடைக்கு, மருந்துக்கு, எல்லாத்துக்கும் இந்த ஒரே கார்டுதான். காசைக் கையில வச்சிருக்கிறதைவிட இது பாதுகாப்பு."

"என்னா பாதுகாப்பு? அரிசிப் பானைக்குள்ள காசை வச்சிருந்தப்ப ஒரு சதம் தொலைஞ்சதில்ல தம்பி. நீங்க பாதுகாக்க வந்தீங்க, பானையோட போயிருச்சு!"

கூட்டம் சிரித்தது. மதுரன் முகம் சிவந்தான். ராக்காயியிடம் அடையாள அட்டை இலக்கத்தை வாங்கித் தன் போனில் தட்டினான்.

"போன சனிக்கிழமை எடுத்திருக்காங்க. இதே கடையிலதான்."

அவ்வளவுதான். அழகம்மா ஹலீமின் பக்கம் திரும்பினாள்.

"என்னா ஹலீம் நானா இது? உங்களை நம்பித்தானே இத்தனை வருசமா வாறோம்?"

"யா அல்லாஹ்! சனிக்கிழமைன்னா கடை நிறைய சனம். அவங்கவங்களே கார்டை வைக்கிறாங்க, அவங்கவங்களே நம்பரைத் தட்றாங்க. யாரோட கார்டுன்னு நான் எங்க பார்த்தேன்?" ஹலீமுக்கும் கோபம் வந்துவிட்டது.

"அவரைத் திட்டாதீங்கம்மா," என்றான் மதுரன். "ரகசிய நம்பர் தெரியாம ஒருத்தராலயும் எடுக்க முடியாது. ராக்காயி அம்மா, நம்பரை யார்கிட்ட சொன்னீங்க?"

"சாமி சத்தியமா யார்கிட்டயும் சொல்லல சார். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது." ராக்காயியின் கண் கலங்கியது.

"கார்டையாவது யார்கிட்டயும் குடுத்தீங்களா?"

"காலையில பெரட்டுல கங்காணி எல்லார்ட்டயும் வாங்குவாரு சார். கட்டா வச்சு ஒவ்வொண்ணா மெசின்ல காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருவாரு. வேற யார்ட்டயும் குடுக்கிறதில்ல."

"அப்ப கங்காணிதான்!" அழகம்மா மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்! நாங்க ரோட்டுல இறங்கிக் கத்தினதுக்கு நிலுவைச் சம்பளம் வந்துச்சுல்ல? காலியாக் கிடந்த என் கார்டே நெறஞ்சு போச்சு. குக்கர் வாங்கினேன், மகளுக்குச் சட்டை வாங்கினேன், செருப்பு வாங்கினேன். இவளுக்கு மட்டும் ஏன் வரல? அதையும் சேர்த்துத்தான் அந்தப் பாவி அடிச்சிட்டான்!"

"நிலுவையா? அம்மா, அது இன்னும் யாருக்குமே..."

"நீங்க பேசாதீங்க தம்பி! உங்களுக்கு மெசின் ஓடினா போதும். நாளைக்கு இவ புருசனுக்குக் கண்ணு தெரியலன்னா உங்க கம்பனியா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்?"

ராக்காயி விம்மத் தொடங்கினாள். அழகம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. ரவிக்கைக்குள் இருந்து தன் கார்டை எடுத்து மேசையில் வீசினாள்.

"இந்தாங்க. செலவு போக கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை இவளுக்குக் குடுங்க. ஏழையோட காசை ஏழைதான் குடுக்கணும். நம்பர் ரெண்டு, அஞ்சு, எட்டு, சைபர்."

"ஐயோ, நம்பரை இப்படி எல்லாருக்கும் கேட்கச் சொல்லலாமாம்மா?"

"இதுல என்ன ஒளிவுமறைவு? கார்டு குடுத்த அன்னிக்கு நீங்கதானே பலகையில எழுதிப் போட்டீங்க? பலகையில எத்தனை கிலோன்னு எழுதுறாங்களோ அத்தனை கிலோ கொழுந்து பறிக்கிறவங்க நாங்க. நீங்க எழுதின நம்பரை மாத்திப் போடுவோமா? தோட்டத்துல எல்லாருக்கும் அதே நம்பர்தான்."

ராக்காயியும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அம்மா... அது சும்மா உதாரணத்துக்கு எழுதினது."

மதுரன் மேசையில் கிடந்த கார்டை எடுத்தான். பச்சைக் கார்டு. தோட்டத்தில் எல்லாருடையதும் பச்சைதான். அடியில் இங்கிலீசில் பொடி எழுத்தில் இருந்த பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு வாசித்தான்.

"ராக்காயி."

அழகம்மா தன் சிவப்புச் செருப்புக் கால்களை மெதுவாகச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.